ஹவாய் அண்ணன் வெட்டிய தட்டு

மலாயா சுதந்திரம் அடைவதற்குப் பல வருஷம் முன்பே சுதந்திரம் அடைந்துவிட்ட ஒரே மனிதர் எங்கள் ஹவாய் அண்ணன்தான். தலைவர்கள் லண்டனுக்குப் போய்ப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அவர் மலாக்கா காஜா பேராங்கில் உட்கார்ந்தபடியே சுருதியிலிருந்து விடுதலை பெற்றிருந்தார். தாளத்திலிருந்து விடுதலை பெற்றிருந்தார். அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயத்திலிருந்து பூரண விடுதலை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. பக்கத்துக் கோப்பிக்கடைச் சீனர் ஒருமுறை மரச்செருப்பைக் கழற்றி வீசினார். அதுவும் குறி தவறிவிட்டது.

ஹவாய்த் தீவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பக்கத்து ஊரான மூவாரைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. மடியில் கித்தாரைப் படுக்கப் போட்டு, இரும்புத் துண்டால் தந்தியைத் தேய்த்து வாசிப்பார்கள் பாருங்கள், அதற்கு ஹவாய்க் கித்தார் என்று பெயர். அதை அவர் வைத்திருந்தார். இரும்புத் துண்டு பழைய தையல் மெஷினிலிருந்து கழற்றியது. தொழில் தையல். பொங்கலுக்குக் கொடுத்த துணி தீபாவளிக்குக் கண்டிப்பாக வந்துவிடும். எந்த வருஷத்துத் தீபாவளி என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "அவசரமா? அப்ப ரெடிமேடு வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டுக் கித்தாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கேட்டவர் அதற்கு மேல் அங்கே நிற்க மாட்டார்.

அவர் ஒரு வாத்தியக் குழு நடத்தினார். அதற்குக் 'கொரோனேஷன் மெலடி பார்ட்டி' என்று பெயர். இங்கிலாந்து ராணிக்கு முடிசூட்டியபோது வைத்தது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று பேப்பரில் வந்த அன்றே டிரம்மின் மேல் வெள்ளைச் சாயம் அடித்து, 'மெர்டேக்கா மெலடி பார்ட்டி' என்று எழுதிவிட்டார். நாட்டில் அவ்வளவு சுலபமாக ஆட்சி மாறியது அந்த டிரம்மில்தான்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். டிரம் அடித்தவர் கருப்பையா, ஐஸ் ஃபேக்டரியில் கட்டி சுமப்பவர். காலையில் ஐஸைத் தூக்கி விறைத்த கையோடு வருவதால் தாளம் முதலில் சவ ஊர்வலம்போல் நகரும். கை சூடேறச் சூடேறக் குதிரைப் பந்தயமாகிவிடும். ஒரே பாட்டில் இரண்டையும் கேட்கலாம். நான் டவுனில் ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரு காலித் தேயிலைப் பெட்டி கொண்டுவர முடியும் என்று தெரிந்ததும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பெட்டியைக் கவிழ்த்து, ஒரு கம்பு நட்டு, கயிறு கட்டி, கயிற்றை இழுத்து 'டும், டும்' என்பது என் கலைப்பணி.

நான்காவது ஆள் மணி. எங்கள் குழுவில் இசை என்று ஏதாவது இருந்ததென்றால் அது அவன் தொண்டையில்தான் இருந்தது. மணி மலாக்காச் செட்டிகளில் ஒருவன். பல நூறு வருஷத்துக்கு முன் வாணிபத்துக்கு வந்து இங்கேயே வேர்விட்ட தமிழர்களின் வம்சம் அவர்கள். நெற்றியில் திருநீறு, வீட்டில் சாமி படம், நாக்கில் மலாய். தமிழில் அவனுக்குத் தெரிந்தது முருகன் பெயரும் சில பலகாரங்களின் பெயரும்தான். அப்படிப்பட்டவன் ஒரு தமிழ்ப் பாட்டை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதி வைத்துக்கொண்டு, அர்த்தம் தெரியாமல் பாடினால், அர்த்தம் தெரிந்த நமக்குக் கண் கலங்கும். ஹவாய் அண்ணனின் கித்தார் உடனே குறுக்கே வந்து அதைத் துடைத்துவிடும்.

இப்படி எங்கள் பாட்டுக்குச் சும்மா இருந்திருப்போம். சரசு அக்காதான் கெடுத்தது.

சரசு அக்கா ஹவாய் அண்ணனின் மனைவி. மெர்டேக்கா நெருங்க நெருங்க வெள்ளைக்கார துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். புக்கிட் பாருவில் ஒரு துரை வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, நல்ல துணி அலமாரியாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி அக்கா அண்ணனை அனுப்பியது. சாயங்காலம் பெச்சா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷாவில் ஒரு பெரிய மரப்பெட்டியை ஏற்றி, தானும் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு அண்ணன் வந்து இறங்கினார்.

"அலமாரி எங்க?" என்றது அக்கா.

"இதுதான்."

"இதுல சேலய எங்க மாட்றது?"

"சேல மாட்ட முடியாது சரசு. குரல மாட்டலாம்."

அது இசைத்தட்டு வெட்டும் மெஷின். மேலே சுழலும் வட்டு, அதன் மேல் ஊசி வைத்த கனமான கை, ஒரு மைக். கூடவே ஒரு பெட்டி நிறைய எழுதப்படாத தட்டுகள். அலுமினியத்தின் மேல் கறுப்பாக ஏதோ பூசியிருக்கும். மைக்கில் பேசினால், தட்டு சுற்றச் சுற்ற ஊசி அதில் கோடு கீறிக்கொண்டே போகும். முடிந்த கையோடு கிராமஃபோனில் வைத்துக் கேட்கலாம். துரை அதில் தன் நாய் குரைப்பதைப் பதிவுசெய்து லண்டனிலிருந்த அம்மாவுக்கு அனுப்புவாராம். அண்ணன் கைக்கு வந்ததும் அந்த மெஷினின் தரம் இன்னும் கொஞ்சம் இறங்கப்போகிறது என்று அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அண்ணன் மெஷினைச் சோதிக்க மின்சாரம் கொடுத்துவிட்டு மைக்கைக் கீழே வைத்தார். அக்கா அலமாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நிறுத்தவே இல்லை. தட்டு முடிந்ததும் போட்டுக் கேட்டோம். அண்ணனின் பரம்பரை முழுவதும் ஒரு எழுத்து பிசகாமல் அதில் இருந்தது. எங்கள் குழுவின் முதல் பதிவு அதுதான். அந்தத் தெளிவு அதற்குப் பிறகு எந்தத் தட்டிலும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

"ஐயோ, என் தொண்டயா இது?" என்று அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு மெதுவாக, "இன்னொரு தடவ போடுங்க" என்றது. அதோடு அலமாரிப் பேச்சு அடங்கிவிட்டது.

மறுநாளே அண்ணன் எங்களைக் கூட்டி வைத்து அறிவித்தார். "எந்தக் கம்பெனிக்காரனும் நம்மளக் கூப்ட மாட்டான். நாமளே வெட்றோம், நாமளே வெளியிடுறோம். மெர்டேக்காவுக்கு நம்ம ஆல்பம்."

இரண்டு தட்டு, நான்கு பக்கம், நான்கு பாட்டு. அண்ணனே எழுதி அண்ணனே மெட்டுப் போட்டவை. முதலாவது மெர்டேக்காப் பாட்டு. இரண்டாவது, கிளேபாங் போகும் வழியில் பழுதாகி நின்ற பஸ்ஸைப் பற்றி. மூன்றாவது, சரசு அக்காவின் சமையலைப் புகழ்ந்து, அதாவது மெஷினை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்த வாடகை. நான்காவதில் பாட்டே கிடையாது, அண்ணன் தனியாகக் கித்தார் வாசிப்பார். பிற்பாடு அந்தப் பக்கத்தைக் கேட்டவர்களில் பலர், தட்டு கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மெர்டேக்காப் பாட்டு இப்படித் தொடங்கும்:

நீலக் கடலே, எங்கள் கடலே,
நேற்று வரைக்கும் யார் கடலே?

மோசமில்லை, இல்லையா? ஆனால் மணி முதல் வரியிலேயே விழுந்து விழுந்து சிரித்தான். விஷயம் இதுதான்: மலாயில் 'கத்தால்' என்றால் அரிப்பு. நம்முடைய 'கடல்' அவன் காதில் அப்படித்தான் விழுந்தது. நீல அரிப்பே, எங்கள் அரிப்பே, நேற்று வரைக்கும் யார் அரிப்பே!

"கடல்னா லாவுட்லா!" என்று அண்ணன் மலாயில் அர்த்தம் சொன்னார்.

"தெரியுது அபாங்" என்றான் மணி, மலாயிலேயே. அண்ணனை அவன் மலாயில் அப்படித்தான் கூப்பிடுவான். "ஆனா வாயில வரும்போது அரிக்குதே!"

எத்தனை ஒத்திகை பார்த்தும் 'எங்கள் கடலே' வரும்போது அவனுக்கு ஒரு சின்னச் சிரிப்பு வெடித்துவிடும். வார்த்தையை மாற்றலாம் என்று கருப்பையா சொன்னார். "சமுத்திரம்னு போட்டா என்ன?" அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் ஐஸ் ஃபேக்டரியே உருகியிருக்கும். கவிஞர்களுக்கு அப்படி ஒரு ரோஷம் உண்டு. குறிப்பாகக் கவிதை சுமாராக இருக்கும்போது.

அடுத்துத்தான் பெரிய குண்டு வந்தது. ஒரு முறை பதிவுசெய்துவிட்டால் அதிலிருந்து நூறு தட்டு எடுக்கலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம். எங்கள் மெஷினில் அந்த வசதி கிடையாது. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். இன்னொரு தட்டு வேண்டுமா? இன்னொரு முறை வாசி.

ஆகவே ஒவ்வொரு பிரதிக்கும் நான்கு பாட்டையும் முதலிலிருந்து வாசித்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசித்தோம். அதனால் எங்கள் ஆல்பத்தின் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று கிடையாது. ஒன்றில் பஸ் ஹாரன். இன்னொன்றில் கோயில் மணி, அதுவும் சரியான இடத்தில் விழுந்து எங்களைவிடத் தாளம் தெரிந்த மாதிரி அடித்திருந்தது. ஒன்றில் ஐஸ் விற்பவரிடம் யாரோ பேரம் பேசுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரையில் கொட்டிய பிரதிதான் எல்லாவற்றிலும் சிறந்தது, கித்தார் கேட்காது.

ஊசி கீறும்போது கறுப்புப் பூச்சு நூல்நூலாகச் சுருண்டு எழும். அதை உடனுக்குடன் தூரிகையால் தள்ளாவிட்டால் ஊசி சிக்கிக்கொள்ளும். எங்கள் மூன்று பேருக்கும் கை காலியில்லை, மணி கையில் பாட்டுத் தாள். சரசு அக்காதான் மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கோலம் போடும் கவனத்தோடு தள்ளியது. தெருவில் யாராவது சத்தம் போட்டால் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்க்கும், தெரு அடங்கிவிடும். அலமாரிக்கு ஆசைப்பட்ட அக்கா ஒலிப்பதிவாளர் ஆன கதை இது.

அந்தக் கறுப்பு நூல் தீப்பிடிக்கும் சாமான் என்று துரை சொல்லித்தான் கொடுத்தாராம். அண்ணன் எங்களிடம் சொல்லவில்லை. அக்கா அதைத் தள்ளித் தள்ளித் துணித் துண்டுக் கூடையில் சேர்த்திருந்தது. கருப்பையா பாட்டு முடிந்த களைப்பில் சிகரெட் துண்டைக் கூடையில் எறிந்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம், ஆள் உயரத்துக்குத் தீ. நான் தேயிலைப் பெட்டியைக் கூடைமேல் கவிழ்த்து அணைத்தேன். அந்தப் பெட்டியால் நான் செய்த உருப்படியான காரியம் அது. கூடை பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையின் கால்சட்டை மாட்டியிருந்தது. ஒரு கால்தான் மிஞ்சியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டபோது அண்ணன் அசரவில்லை. "ஒரு காலு முடிஞ்சிருச்சு. இன்னொரு காலு அடுத்த வாரம்."

மீந்த பூப்போட்ட துணிகளில் ஆல்பத்துக்கு உறை தைத்தார். தட்டை உள்ளே வைத்து மூட ஒரு பித்தானும் உண்டு. தட்டுக்குச் சட்டை போட்டு வெளியிட்ட ஒரே குழு நாங்கள்தான் என்று நினைக்கிறேன். உறை மிக அழகாக இருந்தது. சில பேர் தட்டை எடுத்து வைத்துவிட்டு உறையை மட்டும் தலையணைக்குப் போட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு குறை அப்போதுதான் தெரிந்தது. எங்கள் தட்டுகள் கேட்கக் கேட்கத் தேயும். கிராமஃபோனின் கனத்த ஊசி ஓடினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டுவிடும். கொஞ்ச நாளில் மணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகி, பிறகு வெறும் மணல் சத்தம். அண்ணன் இதையும் பெருமையாக்கினார். "கம்பெனித் தட்டு சலிச்சுப் போவும். நம்ம தட்டு சலிக்கிறதுக்குள்ள தேஞ்சிரும்."

ஆனாலும் தட்டுகள் சுற்றின. செருப்பு வீசிய சீனரே கோப்பிக்கடையில் ஒன்றைப் போட்டார். வாடிக்கையாளர்கள் சீக்கிரம் குடித்துவிட்டு எழுந்துபோக வசதி என்று அவர் சொன்னதாகக் கேள்வி. முடிதிருத்தும் கடையில் ஒன்று. செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பத்தில் மணியின் உறவினர் வீடுகளில் மூன்று நான்கு. அங்கே பகல் முழுக்க அதே பாட்டுத்தானாம்.

பேச்சு டவுன் வரைக்கும் போயிற்று. மெர்டேக்கா விழாவுக்குத் திடலில் மேடை போட்டிருந்தார்கள். தமிழர் சார்பில் என்ன நிகழ்ச்சி என்று தீர்மானிக்கும் குழுவின் செயலாளர் ஒரு நாள் கடைக்கு வந்தார். விழாவுக்குப் போட அவர் கொடுத்திருந்த கால்சட்டைக்கு அளவு பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒங்க கடல் பாட்டக் கேட்டேன். நல்லாருக்கு" என்றார் செயலாளர். "மேடையில ஒங்களுக்கு நேரம் ஒதுக்கியாச்சு."

அண்ணன் குண்டூசியை விழுங்காமல் இருந்தது ஆண்டவன் செயல். மேடை! அவர் கனவெல்லாம் அதுதான். அதுவரை நாங்கள் வாசித்தது கல்யாணப் பந்தல்களில், அதுவும் சாப்பாட்டுப் பந்திக்குப் பின்னால்.

"ஆனா ஒண்ணு" என்று செயலாளர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பாடற பையன். தமிழ் ஒரு வார்த்த தெரியாதாம்ல? தமிழர் சார்புல அவன் போயி நிக்கிறது நல்லாருக்காது. நாலு பேர் சிரிப்பான். என் அக்கா மகன் இருக்கான், தேவாரமெல்லாம் முறையாப் படிச்சவன். அவன் பாடட்டும். மத்ததெல்லாம் நீங்களே."

அண்ணன் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து, சட்டைக் காலரில் குத்தினார்.

"ஒங்க அக்கா மகன் கித்தார் வாசிப்பாரா ஐயா?"

"இல்லயே."

"டிரம்மு?"

"அவனுக்கு எதுக்குலா அதெல்லாம்?"

"இந்தப் பொட்டி?" என்று என்னைக் காட்டினார்.

"அதான் நீங்கல்லாம் இருக்கீங்களே."

"அப்ப அவரு பாட்டும் பாட வேணாம். நாங்க நாலு பேரு ஒரு பார்ட்டி. ஒருத்தனக் கழிச்சா, அது வேற பார்ட்டி."

செயலாளர் சிரித்தார். "யோசிச்சுப் பேசுப்பா. பெரிய மனுசங்கல்லாம் வர்றாங்க. தெடலு பூரா ஒலிபெருக்கி கட்றோம். ஒன் கித்தார் சத்தம் கடக்கர வரைக்கும் கேக்கும்."

அண்ணன் அளவு நாடாவை விரலில் சுற்றினார். தன் கித்தார் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று அவர் ஏங்கிய ஏக்கம் எனக்குத் தெரியும். மலாக்கா மக்களுக்கு அது நேராமல் தப்பியது வேறு விஷயம்.

"கடக்கர வரைக்குமா?" என்றார்.

"கேக்கும்ங்கறேன்."

"வலது காலக் கொஞ்சம் தூக்குங்க ஐயா" என்றார் அண்ணன். "மடிப்பு அளவு பாக்கணும்."

அவ்வளவுதான் பதில். செயலாளர் கோபமாகப் போன பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இது மணி காதுக்குப் போச்சு, ஒன் பொட்டிய ஒடச்சு அடுப்புல வச்சிருவேன்."

விழா அன்று காலை மணி புதுச் சட்டையோடு வந்து நின்றான். அண்ணன் தைத்த பூப்போட்ட சட்டை. ஊர்ப் பேச்சை நம்பி, திடலில்தான் வாசிக்கப்போகிறோம் என்ற நினைப்பில் தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தான். அண்ணன் இரண்டு பெச்சா பிடித்து ஒன்றில் டிரம்மையும் கருப்பையாவையும், இன்னொன்றில் என்னையும் பெட்டியையும் ஏற்றினார். கித்தாரைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார், தட்டில் பலகாரம் விற்கப் போகிறவர் மாதிரி. "மொதல்ல நம்ம தெரு" என்று நடக்க ஆரம்பித்தார்.

செட்டி கம்பத்து முனையில் மணி பாட்டை எடுத்தான். 'நீலக் கடலே' என்றதும் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கெபாயாச் சட்டை போட்ட பெண்கள், வேட்டி கட்டிய ஆண்கள், கோப்பிக்கடைச் சீனர், பக்கத்து மலாய் வீட்டுக்காரர்கள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். தட்டு தேயும் வரை கேட்டதில் எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். 'எங்கள் கடலே' வந்ததும் மணிக்கு வழக்கமான சிரிப்பு வெடித்தது. அந்த நொடியில் கம்பம் முழுக்க, பெரியவர் சின்னவர் அத்தனை பேரும், அதே இடத்தில் அதே சிரிப்பைச் சிரித்தார்கள். பாட்டில் அதுவும் ஒரு வரி என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள்!

அண்ணனுக்கு முகம் சுருங்கியது. "என் பாட்ட அரிப்பாக்கிட்டானுங்களே!" என்று முணுமுணுத்தார். அடுத்த வீட்டு வாசலில் நான்கு பெண்கள் அந்தத் தாளத்துக்கு ஜோகெட் நடனம் ஆட ஆரம்பித்தார்கள். கருப்பையாவின் கை சூடேறித் தாளம் ஓடத் தொடங்கியிருந்த நேரம். அண்ணன் முணுமுணுப்பை விட்டுவிட்டு, முகமெல்லாம் பல்லாகித் தந்தியைத் தேய்த்துத் தள்ளினார். கித்தார் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் கவலையில்லை. சரசு அக்கா பின்னாலேயே வந்து எல்லோருக்கும் சர்பத் ஊற்றிக் கொடுத்தது.

மத்தியானம் தாண்டி, களைத்துப் போய்க் கோயில் மதில் நிழலில் உட்கார்ந்தோம். மணி சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி விசிறிக்கொண்டே கேட்டான். "அபாங், திடலுக்கு எப்ப போறோம்?"

நானும் கருப்பையாவும் வேறு பக்கம் பார்த்தோம்.

"போகல மணி" என்று அண்ணன் மலாயில் சொன்னார். "நம்மள வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

அண்ணன் கித்தாரை எடுத்து மடியில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் கித்தார் சரியில்லையாம். சுருதியே சேரலன்னு சொல்லிட்டாங்க. ஒன் பாட்டு நல்லாருக்காம்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அவர் அதைப் பொய் என்று நினைத்துத்தான் சொன்னார்.

மணி பதறிப்போய் அண்ணனின் தோளில் கை வைத்தான். "தாக் அப்பா அபாங், பரவாயில்ல. மனசு விட்டுறாத. இனிமே நான் ரொம்பச் சத்தமாப் பாடறேன். ஒன் கித்தார் யாருக்கும் கேக்காது."

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒலிபெருக்கியைத் தள்ளிவிட்டு வந்த அந்த மனிதர், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மணியின் தலையில் கலைந்திருந்த முடியைக் கையால் படிய விட்டார்.

"சரிடா மணி" என்றார். "சத்தமாவே பாடு."